என் ஒர்க்‌ஷாப் பையனையே எனக்கு விற்க வந்த மெயில்: ஏஜென்சித் தொல்லையை எப்படி நிறுத்துவது?

குளிர்ப்பெட்டி (ஃபீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா) | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபீனிக்ஸில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கூல் ரூம், ஃப்ரீசர், கடை ஏசி பழுது பார்ப்பது தொழில். என்னையும் சேர்த்து ஒன்பது பேர். கம்பெனிக்கு இருப்பது ஒரே ஒரு மெயில் முகவரி. வேன் கதவில் எழுதியிருப்பதும் அதுதான், வெப்சைட்டில் இருப்பதும் அதுதான். வேலைக்குக் கூப்பிடுகிறவர்களும் அதில்தான் எழுதுவார்கள், பாகம் விற்பவர்கள் பில் அனுப்புவதும் அதில்தான்.

ஒரு வருடமாக வேலைவாய்ப்பு ஏஜென்சிக்காரர்கள் அந்த இன்பாக்ஸில் குடியேறிவிட்டார்கள். “உங்கள் குழுவுக்குப் பொருத்தமானவர் ஒருவர் எங்களிடம் இருக்கிறார்” என்று ஆரம்பிக்கும். பதில் போடாவிட்டால் மூன்று நாளில் “என் முந்தைய மெயிலைப் பார்த்தீர்களா?” என்று ஒன்று. அதற்கும் பேசாமல் இருந்தால் “இதுதான் கடைசி முயற்சி” என்று இன்னொன்று. அது கடைசியாக இருப்பதே இல்லை. போன மாதம் எண்ணிப் பார்த்தேன்: 63 மெயில், 11 ஏஜென்சி. நான் யாரிடமும் ஆள் கேட்டதில்லை.

தொல்லை என்று விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இரண்டு காரியம் நடந்துவிட்டது.

முதலாவது, மூன்று வாரத்துக்கு முன் வெள்ளிக்கிழமை மாலை டோங்காட்டில் கோழிக்கடை வைத்திருக்கும் ஒருவர் “கூல் ரூம் 9 டிகிரிக்கு ஏறிவிட்டது, நாளைக்கு வர முடியுமா” என்று மெயில் போட்டிருக்கிறார். அதற்கு மேலே நான்கு ஏஜென்சி மெயில், கீழே மூன்று. நான் போனில் ஒரே இழுப்பாக எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். திங்கட்கிழமை அவரே போன் செய்தபோதுதான் தெரிந்தது. சரக்கு முழுவதையும் கொட்டிவிட்டார். “நீங்கள் பதில் போடுவீர்கள் என்று நம்பி வேறு யாரையும் கூப்பிடவில்லை” என்றார். அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டாவது நேற்று நடந்தது. ஒரு ஏஜென்சி ஒரு ஆளின் விவரத்தை அனுப்பியிருந்தது. பெயர் இல்லை. ஃபீனிக்ஸ் பக்கம், கோட் 10 (லாரி) லைசன்ஸ், 2019-ல் டிரேட் டெஸ்ட் (தொழில் தகுதித் தேர்வு) முடித்தவர், இஸிபிங்கோவில் மீன் குளிர்கிடங்கில் மூன்று வருட அனுபவம், “உடனடியாகச் சேரத் தயார்”. படித்ததும் கை நின்றுவிட்டது. இது என்னிடம் வேலை செய்யும் பையன்! ஐந்து வருடமாக என்னோடு இருக்கிறான். அடுத்த அறையில் கம்ப்ரஸரைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அவன் வேலை தேடுகிறானா? நேராகக் கேட்கலாமா? இந்த மெயில்களை எப்படி நிறுத்துவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மிட்ராண்ட்_மென்பொருள் | செவ்வாய், இரவு 10.15

அண்ணா, கோழிக்கடை விஷயம் மனசைச் சங்கடப்படுத்தியது. முதலில் இன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

ஜிமெயில் என்றால் மேலே தேடும் பெட்டியின் வலப்பக்கம் சின்னக் கோடுகள் தெரியும். அதை அழுத்தினால் ஃபில்டர் உருவாக்கலாம். ஏஜென்சியின் டொமைன் பெயரை (@ குறிக்குப் பின்னால் வருவது) அனுப்புநர் இடத்தில் போட்டு, “இன்பாக்ஸைத் தவிர்” என்று ஒரு லேபிளுக்குத் திருப்பிவிடுங்கள். தனி ஆளின் முகவரியைப் போட்டால் பயனில்லை, அடுத்த மாதம் வேறு ஆள் பெயரில் வரும். 11 டொமைனுக்கும் ஒரே ஃபில்டர் போதும், நடுவில் ஆங்கிலத்தில் ‘ஆர்’ என்று பெரிய எழுத்தில் சேர்த்தால் சரி. அழிக்காதீர்கள், லேபிளுக்கு மட்டும் அனுப்புங்கள்.

அப்புறம் இன்னொரு ஃபில்டர், நல்ல மெயிலுக்கு. ‘கூல் ரூம்’, ‘ஃப்ரீசர்’, ‘அவசரம்’, ‘குவோட்’ மாதிரி உங்கள் வாடிக்கையாளர் எழுதும் சொற்கள் இருந்தால் நட்சத்திரம் போட்டு மேலே வரச் செய்யுங்கள். தடுப்பதைவிட இதுதான் உங்களுக்கு முக்கியம் என்பேன்.

யாருக்கும் பதில் போடாதீர்கள். போட்டால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று உறுதியாகிவிடும்.

---

லெனேசியா_பேத்தி | புதன், காலை 6.50

கடைசி வரி மட்டும் எனக்கு ஒப்பவில்லை தம்பி. பெயர் தெரியாத மோசடிக்காரனுக்குப் பதில் போடக் கூடாது, சரி. ஆனால் பதிவு செய்த கம்பெனி, விலாசமும் தொலைபேசியும் போட்டு எழுதுகிறது என்றால் கட்டாயம் பதில் போட வேண்டும், அதுவும் எழுத்தில். “வேண்டாம் என்று சொன்னேன்” என்பதற்குச் சான்று இல்லாமல் பின்னால் எங்கே போய் நிற்பது?

நான் ஒரு பள்ளியில் துணைத் தகவல் அலுவலராக இருக்கிறேன். தனிப்பட்ட தகவல்களைக் காக்கும் போப்பியா சட்டத்தோடுதான் என் நாள் ஓடுகிறது, அதனால் இதைச் சொல்கிறேன். 2013-ல் வந்த 4-ஆம் எண் சட்டம் அது. பெரும்பகுதி 2020 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. சரிசெய்துகொள்ள ஒரு வருடம் கொடுத்தார்கள், 2021 ஜூலை 1 முதல் முழுதாகப் பிடிக்கும். அதில் 69-ஆம் பிரிவுதான் உங்களுக்கு வேண்டியது. நீங்கள் ஏற்கெனவே அவர்களுடைய வாடிக்கையாளராக இல்லாவிட்டால், உங்கள் சம்மதம் இல்லாமல் விளம்பர மெயில் அனுப்பக் கூடாது. சம்மதம் கேட்டு எழுதலாம், அதுவும் ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறைக்கும் நீங்கள் முன்பே மறுத்திருக்கக் கூடாது. “என் முந்தைய மெயிலைப் பார்த்தீர்களா” என்று இரண்டாவதாக வருவதற்கு அங்கே இடமே இல்லை.

“அது தனி ஆட்களுக்குத்தானே, நான் கம்பெனி ஆயிற்றே” என்று நினைத்திருப்பீர்கள். பலரும் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். வேறு பல நாட்டுச் சட்டங்கள் மனிதர்களை மட்டும்தான் காக்கின்றன. நம் சட்டத்தில் ‘தனிப்பட்ட தகவல்’ என்பதற்கான விளக்கத்திலேயே கம்பெனி போன்ற சட்ட நபர்களும் அடக்கம். உங்கள் ஒர்க்‌ஷாப்பும் அந்தப் பாதுகாப்புக்குள்தான் வருகிறது.

பையனைப் பற்றி: அவனிடம் கோபமாகப் பேசிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அந்த மெயில் போனதே அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

---

பத்து_வருட_ஆளெடுப்பு (ஜோஹானஸ்பர்க்) | புதன், மதியம் 1.05

நான் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, உள்ளே எப்படி நடக்கிறது என்று சொன்னால் உங்களுக்கு உதவும்.

உங்களுக்கு வந்ததற்கு எங்கள் பேச்சில் ‘ஸ்பெக்’ என்று பெயர். முதலாளி ஆள் கேட்டிருக்க மாட்டார். நாங்களாகவே ஒரு நல்ல சிவியை (பயோடேட்டாவை) எடுத்து, பெயரையும் போன் நம்பரையும் நீக்கிவிட்டு, அந்தத் தொழிலில் இருக்கும் 200, 300 கம்பெனிகளுக்கு ஒரே அடியாக அனுப்புவோம். யாராவது ஒருவர் “இந்த ஆளைப் பார்க்கலாமே” என்றால் அதன் பிறகுதான் பல இடங்களில் அந்த ஆளுக்கே போன் போகும். ஆள் வேலையில் சேர்ந்தால் முதலாளியிடம் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு சதவீதம் கட்டணம். அது கிடைக்கும் வரை ஆலோசகருக்கு அடிப்படைச் சம்பளம் சொற்பம். வாரத்துக்கு இத்தனை மெயில், இத்தனை அழைப்பு என்று கணக்கு வைத்து விரட்டுவார்கள். அதனால்தான் அந்த மூன்று நாள், ஏழு நாள் தொடர் மெயில். அதை எழுதுவது மனிதர் இல்லை, மென்பொருளே வரிசையாக அனுப்பும். நீங்கள் பதில் போட்டால்தான் வரிசை நிற்கும்.

சிவி எங்கிருந்து வருகிறது? வேலை போர்ட்டல்களில் சந்தா கட்டினால் அங்கே யார் எப்போது ஏற்றிய சிவியையும் தேடலாம். ஐந்து வருடப் பழசும் வரும். “உடனடியாகச் சேரத் தயார்” என்ற வரி டெம்ப்ளேட்டிலேயே இருக்கும், அந்த ஆளிடம் கேட்டு எழுதுவதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் பழைய அலுவலகத்தில் ஒரு பெண்ணின் விவரம் இப்படித்தான் அவருடைய மேலாளருக்கே போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதப் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவர் எங்களுக்கு போன் செய்து அழுதார். அதற்குப் பிறகு ஆளைக் கேட்காமல் ஒரு சிவியும் நான் அனுப்புவதில்லை. கேட்டுவிட்டு அனுப்புகிறவர்கள் இந்தத் தொழிலில் நிறைய பேர் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, உங்கள் பையன் வேலை தேடவில்லை என்றே நினைக்கிறேன். அவன் சிவியில் உங்கள் கம்பெனி இருந்ததா?

---

குளிர்ப்பெட்டி | புதன், மதியம் 1.30

நீங்கள் கேட்ட பிறகுதான் மறுபடி படித்துப் பார்த்தேன். இஸிபிங்கோவோடு நின்றுவிட்டது. என்னிடம் செய்த ஐந்து வருடம் அதில் இல்லவே இல்லை.

---

சாட்ஸ்வொர்த்_அம்மா | புதன், இரவு 8.20

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகள் டிப்ளமோ முடித்து எட்டு மாதம். வேலைக்காகப் போர்ட்டல் போர்ட்டலாக சிவி ஏற்றினாள். ஜனவரியில் ஒரு மெயில் வந்தது, “உங்களைத் தேர்வுப் பட்டியலில் சேர்த்துவிட்டோம், பதிவுக்கு 850 ராண்ட் கட்டுங்கள், ஐடி நகலை அனுப்புங்கள்”. லோகோ எல்லாம் பார்க்கப் பளிச்சென்று இருந்தது. என்னிடம் கேட்டால் நான் வேண்டாம் என்று சொல்வேனோ என்று அவள் சேர்த்து வைத்த காசிலிருந்தே கட்டிவிட்டாள். அப்புறம் அந்த நம்பர் எடுக்கவே இல்லை.

850 ராண்ட் போனது போகட்டும். அவள் இப்போது எந்த மெயிலையும் திறக்க மாட்டேன் என்கிறாள். உண்மையான இன்டர்வியூ அழைப்பு ஒன்றும் அப்படியே தவறிப்போயிற்று. உங்களுக்கு வருகிற மெயில் தொல்லை. இவள் மாதிரிப் பிள்ளைகளுக்கு வாழ்க்கையே அந்த மெயிலில்தான் இருக்கிறது. எதை நம்புவது?

---

லெனேசியா_பேத்தி | புதன், இரவு 9.05

அக்கா, முதலில் மகளிடம் சொல்லுங்கள், அவள் முட்டாள் இல்லை. படித்தவர்களே ஏமாறுகிறார்கள்.

ஒரே ஒரு விஷயம் அவள் மனதில் பதிந்தால் போதும். இந்த நாட்டில் வேலை தேடுகிறவரிடம் வேலை தேடிக்கொடுப்பதற்குக் கட்டணம் வாங்குவதைச் சட்டம் தடுக்கிறது. 2014-ன் 4-ஆம் எண் வேலைவாய்ப்புச் சேவைச் சட்டம், 15-ஆம் பிரிவு. ஏஜென்சி காசு வாங்க வேண்டியது முதலாளியிடம்தான். பதிவுக் கட்டணம், கோப்புக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

ஐடி நகல்தான் எனக்குக் கவலை. நம் 13 இலக்க எண்ணில் முதல் 6 பிறந்த தேதி, அடுத்த 4 ஆணா பெண்ணா என்பதைக் காட்டும், கூடவே நகலில் முகமும் இருக்கிறது. அதை வைத்து அவள் பெயரில் கடன் வாங்கவோ செல்போன் ஒப்பந்தம் போடவோ பார்க்கலாம். தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவை என்ற அமைப்பு இருக்கிறது, எஸ்ஏஎஃப்பிஎஸ் என்பார்கள். அதில் ‘புரொடெக்டிவ் ரெஜிஸ்ட்ரேஷன்’ இலவசம். பதிந்துவிட்டால், அவள் பெயரில் விண்ணப்பம் வந்தால் கூடுதலாகச் சரிபாருங்கள் என்று உறுப்பினராக இருக்கும் வங்கிகளுக்கும் கடைகளுக்கும் எச்சரிக்கை போகும். நாளைக்கே செய்துவிடுங்கள். போலீஸிலும் ஒரு புகார் எண் வாங்கி வையுங்கள்.

---

மிட்ராண்ட்_மென்பொருள் | புதன், இரவு 10.40

அக்கா, உங்கள் மகளுக்கு ஒரு சின்ன வழி. அவளுடைய ஜிமெயில் முகவரியில் @ குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியும் போர்ட்டல் பெயரும் சேர்த்துக் கொடுக்கலாம். மெயில் அவளுக்கேதான் வரும். ஆனால் எந்தப் போர்ட்டலுக்குக் கொடுத்த முகவரி எந்த ஏஜென்சியின் கைக்குப் போனது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்காது. அங்கே வேலை தேட மட்டும் தனி முகவரி ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

சிவியில் ஐடி எண், வீட்டு விலாசம், தாய் தந்தை பெயர் எதுவும் வேண்டாம். ஊர் பெயரும் போனும் போதும். ஐடியை வேலை உறுதியான பிறகு கேட்பார்கள், அப்போது கொடுத்தால் போதும்.

லெனேசியா அக்கா சொன்னதை யோசித்தேன். அவர் சொல்வதுதான் சரி, என் வரியைத் திருத்திக்கொள்கிறேன். அன்சப்ஸ்கிரைப் விஷயத்திலும் அப்படித்தான். மெயிலுக்குள் இருக்கும் லிங்க்கை, தெரியாத அனுப்புநர் என்றால் தொடாதீர்கள். ஜிமெயில் தானே அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் காட்டினால் அதை அழுத்தலாம். 2024-லிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்கள் அந்த ஒரே சொடுக்கு வசதியை வைக்க வேண்டும், இரண்டு நாளில் நிறுத்த வேண்டும் என்று கூகுள் விதி போட்டிருக்கிறது. சின்ன ஏஜென்சிகள் இந்த எண்ணிக்கைக்குக் கீழே நழுவிவிடும். அவர்களுக்குக் கடிதம்தான் வழி.

---

குளிர்ப்பெட்டி | வெள்ளி, இரவு 7.15

பையனிடம் பேசிவிட்டேன்.

நேற்று மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு அவனை மட்டும் இருக்கச் சொல்லி, டீ போட்டுக் கொடுத்து, மெயிலைக் காட்டினேன். படித்ததும் அவன் முகம் வெளிறிவிட்டது. “அண்ணா, நான் எங்கேயும் கேட்கல, சத்தியமா” என்றான். எனக்குத் தெரியும்டா என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடிந்தது உங்கள் எல்லோராலும்தான். செவ்வாய்க்கிழமை இரவே கேட்டிருந்தால் வேறு மாதிரிப் பேசியிருப்பேன்.

2020 லாக்டவுனில் குளிர்கிடங்கு ஆட்களைக் குறைத்தபோது அவனும் வெளியே வந்தவன். அந்த மூன்று மாதம் தெரிந்த போர்ட்டலில் எல்லாம் சிவி ஏற்றியிருக்கிறான். என்னிடம் சேர்ந்ததும் மறந்தே போனான். அவன் போனில் பழைய ஃபைலைத் தேடி எடுத்தோம். இரண்டாம் பக்கத்தில் ஐடி எண், அம்மாவின் போன் நம்பர், அப்போது குடியிருந்த வீட்டு விலாசம், எல்லாம் இருக்கிறது. ஐந்து வருடமாக யார் யார் கையில் சுற்றியதோ.

லெனேசியா அக்கா, கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். இரண்டு கடிதம் வேண்டும், ஒன்று எனக்கு, ஒன்று அவனுக்கு.

---

லெனேசியா_பேத்தி | சனி, காலை 7.30

பேசிய விதத்துக்கு என் நன்றி, அண்ணா.

ஆங்கிலத்தில் அனுப்புங்கள், சாரம் மட்டும் இங்கே தருகிறேன். கம்பெனியின் தகவல் அலுவலருக்கு என்று விலாசமிடுங்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும் அந்தப் பொறுப்பு ஒருவருக்கு உண்டு, யாரென்று தெரியாவிட்டால் தலைவர்தான்.

உங்கள் கடிதம்: “எங்கள் கம்பெனி உங்கள் வாடிக்கையாளர் அல்ல. விளம்பர மெயிலுக்கு நாங்கள் சம்மதம் கொடுத்ததில்லை, இப்போதும் மறுக்கிறோம். இந்தத் தேதி முதல் 69-ஆம் பிரிவின்படி நிறுத்துங்கள். எங்கள் முகவரி உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது, வேறு யாருக்குக் கொடுத்தீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள். பிறகு பட்டியலிலிருந்து நீக்குங்கள்.” வந்த மெயில்களின் தேதிகளைக் கீழே வரிசையாகப் போடுங்கள். திட்ட வேண்டாம், ஒரு கடினமான சொல்லும் வேண்டாம். தேதிகளே போதும்.

பையனின் கடிதம் அவன் பெயரில், அவன் மெயிலிலிருந்து போக வேண்டும். 23-ஆம் பிரிவின்படி, தன்னைப் பற்றிய தகவல் அவர்களிடம் இருக்கிறதா என்று காசில்லாமல் கேட்கலாம். என்ன இருக்கிறது, யார் யார் கையில் போனது என்றும் கேட்கலாம். 24-ஆம் பிரிவின்படி அழிக்கச் சொல்லலாம், அதற்குப் படிவம் 2. தேவை முடிந்த தகவலை வைத்துக்கொண்டே இருக்கக் கூடாது என்பது 14-ஆம் பிரிவு. ஐந்து வருடப் பழைய சிவிக்கு அது நன்றாகப் பொருந்தும். அவனைக் கேட்காமல் எந்த முதலாளிக்கும் அனுப்பக் கூடாது என்று தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். போர்ட்டலில் இருக்கும் கணக்கையும் அவனே மூட வேண்டும், ஊற்று அங்கேதான் இருக்கிறது.

14 நாள் கேளுங்கள். பதில் இல்லாவிட்டாலோ மறுபடி மெயில் வந்தாலோ, இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் தகவல் ஒழுங்காணையத்துக்குப் படிவம் 5-ல் புகார். அது வீண் வேலை என்று சிலர் சொல்வார்கள். 2024 பிப்ரவரியில், வேண்டாம் என்று சொன்ன பிறகும் விளம்பர மெயில் அனுப்பிய ஒரு நிறுவனத்துக்கு ஒழுங்காணையம் அமலாக்க அறிவிப்பே கொடுத்தது. அதை மீறினால் குற்றம், அபராதம் 1 கோடி ராண்ட் வரை போகலாம். நேரம் எடுக்கும், அதை மறைக்க மாட்டேன்.

---

பத்து_வருட_ஆளெடுப்பு | சனி, காலை 10.10

ஒன்று சேர்க்கிறேன். “முகவரி எங்கிருந்து கிடைத்தது” என்ற கேள்விதான் அலுவலகத்தில் எங்களை உலுக்கும். வெறும் “நிறுத்து” வந்தால் ஆலோசகரே பெயரை நீக்கிவிட்டுப் போய்விடுவார், அடுத்த பட்டியல் வாங்கும்போது மறுபடி நுழைந்துவிடும். எங்கிருந்து என்று கேட்டால் அது மேலாளர் மேசைக்குப் போகும், ‘இனி அனுப்பக் கூடாதவர்’ பட்டியலில் நிலையாக ஏறும்.

சாட்ஸ்வொர்த் அக்கா, மகளுக்கு எந்த மெயிலில் சந்தேகம் வந்தாலும் இங்கே எழுதுங்கள். கம்பெனி உண்மையா என்று நான் போன் போட்டு விசாரித்துச் சொல்கிறேன்.

---

குளிர்ப்பெட்டி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை

நிலவரம் சொல்லாமல் விட்டால் நன்றாயிருக்காது.

11 கடிதம் அனுப்பினேன். ஏழு பேர் ஒரு வாரத்துக்குள் மன்னிப்புக் கேட்டு நீக்கிவிட்டார்கள். அதில் மூன்று பேர், ஒரே ஆளிடம் வாங்கிய தொழில் பட்டியலிலிருந்து முகவரி கிடைத்ததாக எழுதினார்கள். அந்த ஏழு பேரில் இன்னொருவர் எங்கள் வெப்சைட்டிலிருந்து எடுத்தேன் என்றார். இரண்டு பேரிடமிருந்து பதில் இல்லை, ஆனால் மெயில் நின்றுவிட்டது. மீதி இரண்டு பேர் 14 நாள் தாண்டியும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், அதில் ஒன்று பையனின் விவரத்தை அனுப்பிய அதே ஏஜென்சி. இரண்டுக்கும் படிவம் 5 நிரப்பிப் புகார் போய்விட்டது. பையனும் தனியாக ஒன்று கொடுத்திருக்கிறான்.

அவன் படிவத்தை ஒர்க்‌ஷாப் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவனே அடித்தான். விரல் முழுக்க கிரீஸ், கீபோர்டில் ஒரு துணி போட்டுக்கொண்டான். “இப்போது எங்கே வேலை” என்ற கட்டம் வந்ததும் திரும்பி என்னைப் பார்த்தான். நம் கம்பெனிப் பெயரைப் போடு என்றேன்.

போன மாதம் 63, இந்த மாதம் இதுவரை 9. டோங்காட்காரர் கூல் ரூமுக்கு அலாரம் ஒன்று வைத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. 5 டிகிரி தாண்டினால் என் போனுக்கே எஸ்எம்எஸ் வரும்.

---

சாட்ஸ்வொர்த்_அம்மா | ஞாயிறு, இரவு 8.45

எஸ்ஏஎஃப்பிஎஸ்ஸில் பதிந்துவிட்டோம், போலீஸ் எண்ணும் வாங்கிவிட்டோம். மகள் புது முகவரி ஒன்று ஆரம்பித்து நேற்று மூன்று இடத்துக்கு சிவி அனுப்பினாள், ஐடி எண் இல்லாமல். ஒன்றிலிருந்து பதில் வந்திருக்கிறது. பைன்டவுனில் இன்டர்வியூ என்கிறார்கள், காசு ஒன்றும் கேட்கவில்லை. ஆளெடுப்புத் தம்பி, கம்பெனிப் பெயரைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். வியாழக்கிழமைக்குள் பார்த்துச் சொன்னால் அவளைத் தைரியமாக அனுப்பி வைப்பேன்.